டைம்கீப்பர் வயிற்றுக் கிருமி

பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போனாலும் பட்டம் போகவில்லை. காய்கறிக்காரரிலிருந்து பல் டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் டைம்கீப்பர்தான். டிரைவர் டீ கிளாஸை வாயருகே கொண்டுபோகும்போது விசில் ஊதி, வண்டியை எடுக்க வைத்த மனிதர். மந்திரியே ஓடி வந்தாலும் போன வண்டி போனதுதான் என்பார். இப்படி ஊருக்கே நேரம் சொன்னவரின் பேச்சைக் கேட்காத ஒரே வண்டி அவருடைய வயிறு. காலையில் கிளம்புகிற மாதிரி உறுமும், பிறகு அப்படியே நின்றுவிடும். செய்தித்தாளோடு கழிவறைக்குள் போவார், வரி விளம்பரம் வரைக்கும் படித்து முடிப்பார், போன மாதிரியே திரும்பி வருவார்.

இந்த வயிற்றிலிருந்துதான் உலகத்துக்கே நல்லது செய்யப்போகிற ஒரு கிருமி கிடைத்தது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். நீங்கள் நம்ப வேண்டாம். அது அவருடைய கிருமியே இல்லை. அது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். மருமகள் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். குடலில் குடியிருக்கும் கிருமிகளில் எது நல்லது, எது கெட்டது, நல்லதைப் பிடித்து வளர்த்து உணவில் கலந்து கொடுத்தால் நோயாளிக்குக் குணம் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் அவளுடைய பிழைப்பு. (மகன் வெளியூரில் இருக்கிறான். மாதம் ஒரு தடவை வந்து, அழுக்குத் துணியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டுப் போவான். அவனை இந்தக் கதையில் எழுப்ப வேண்டாம்.) கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஆரோக்கியமான பெரியவர்களின் மலம் தேவைப்பட்டது. ரத்தம் என்றால் கையை நீட்டுகிற ஜனங்கள் இதைக் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள். அலைந்து அலைந்து ஓய்ந்துபோய், கடைசியில் வெட்கத்தை விட்டு மாமனார் மாமியாரிடமே கேட்டாள். இரண்டு டப்பா கொடுத்தாள். ஒன்றில் 'மாமா' என்று ஸ்டிக்கர், இன்னொன்றில் 'அத்தை'.

அத்தை தையல்காரம்மா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறவள். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் காரியத்தையும் ஆர்ப்பாட்டமில்லாமல் முடிக்கிற ஜாதி. அன்றைக்கும் எழுந்தாள், போனாள், வந்தாள், டப்பாவை ஐஸ் பைக்குள் வைத்தாள், அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். டைம்கீப்பரோ உள்ளே உட்கார்ந்து வரி விளம்பரத்தை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார்.

மருமகள் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். "மாமா, வண்டி வந்துடுச்சு. நேரமாச்சு."

நேரமாச்சு. எத்தனையோ பேரிடம் அவர் சொன்ன வார்த்தை. அவரைப் பார்த்து ஒருத்தரும் சொன்னதில்லை. புதுசாக வீட்டுக்கு வந்த பெண் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று அவருக்கு உடம்பு கூசியது. அவள் வாசல் பக்கம் போனதும் வெளியே வந்தார், ஐஸ் பையைத் திறந்தார், நகத்தால் இரண்டு ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தார். 'மாமா'வை நிறைந்த டப்பாவில் ஒட்டினார். 'அத்தை'யைக் காலி டப்பாவில் ஒட்டினார். முகத்தை மாற்றாமல் மருமகளிடம் சொன்னார்: "அத்தைக்கு இன்னிக்கு வரலியாம். என்னோடது மட்டும் இருக்கு, எடுத்துட்டுப் போ."

ஆயிரம் டப்பாக்களில் ஒரு டப்பா, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தார். ஆனால் அந்த டப்பாவில்தான் மருமகள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தது கிடைத்தது. காற்றுப் பட்டாலே செத்துப்போகிற, மெதுவாக வளர்கிற, நார்ச்சத்தைத் தின்று புண்ணான குடலை ஆற்றுகிற ஒரு கிருமி. ஆராய்ச்சிக்கூடத்தில் கைதட்டினார்கள். மாமனாரின் உத்தியோகத்தை நினைத்து அதற்கு 'டி.கே.' என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை வெளிவந்தது. ஒரு கம்பெனி வந்தது. அந்தக் கிருமியைச் சத்துப் பொடியில் கலந்து, பாதி நோயாளிகளுக்கு அதையும் மீதிப் பேருக்கு வெறும் பொடியையும் கொடுத்துப் பார்க்கலாம் என்றது.

அன்றிலிருந்து டைம்கீப்பரைப் பிடிக்க முடியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு அவரை யார் மதித்தார்கள்? வீட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் சொல்வது யார் காதிலும் விழாது. இப்போது அவருக்கென்று ஒரு பெருமை கிடைத்தது. சலூன் நாற்காலியில் முகத்தில் நுரையோடு கிருமியைப் பற்றிப் பேசினார். பேங்க் வரிசையில் முன்னால் நின்றவரைத் தட்டிக் கூப்பிட்டுப் பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, மச்சானிடம் பேசினார். மச்சான் என்றால் தையல்காரம்மாவின் அண்ணன், மருந்துக்கடை முதலாளி, வாயைத் திறந்தால் தற்பெருமை தவிர வேறு எதுவும் வராது. கல்யாணத்தன்று தொடங்கி டைம்கீப்பரை மட்டம் தட்டி வந்த அந்த வாய், கிருமி வந்த பிறகுதான் அடங்கியது.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. மனைவியையும் சீண்டினார். "உன் வயிறு அன்னிக்கே கைய விரிச்சிடுச்சு. என்னோடது நின்னு விளையாடுது பாரு" என்பார். அவள் ஊசியில் நூல் கோத்தபடி, "எனக்கு அன்னிக்கு வந்த மாதிரிதான் ஞாபகம்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். "அது முந்தின நாளா இருக்கும்" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நாளில்தான் மருமகள் ஒரு மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள்.

"ஃப்ரீசர் போயிடுச்சு. லீவு நாள்ல கரண்ட் கட்டாகி, அலாரம் அடிச்சிருக்கு. கேக்க யாரும் இல்ல. டி.கே. மொத்தமும் செத்துப் போச்சு."

"வேற எடத்துல கொஞ்சம் வெச்சிருப்பீங்கல்ல?" என்று தையல்காரம்மா கேட்டாள்.

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "வெச்சிருந்தோம் அத்தை. தனித்தனியா இருந்தா தொலைஞ்சு போகும்னு போன மாசம்தான் எல்லாத்தையும் பத்திரமா அதே ஃப்ரீசர்ல, கீழ்த்தட்டுல வெச்சோம்."

படித்தவர்கள் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும். திட்டம் நின்றால் அவளுடைய வேலையும் நிற்கும். அவள் ஒப்பந்தத்தில் இருப்பவள். பிறகு மருமகள் தலையை நிமிர்த்தினாள், மாமனாரைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"நான் எதுக்குப் பயப்படறேன்? ஊத்து நம்ம வீட்லயே இருக்கு. மாமா, இன்னொரு தடவை குடுங்க. அவசரம் இல்ல, மாசக் கடைசிக்குள்ள போதும்."

டைம்கீப்பருக்கு வயிற்றைக் கலக்கியது. நிஜமாகவே கலக்கியிருந்தாலாவது பிரயோஜனப்பட்டிருக்கும்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. தன் வயிற்றில் அந்தக் கிருமி இருக்க வாய்ப்பில்லை என்பது அவருடைய முடிவு. இருந்தால் காலை வண்டி இப்படி மக்கர் செய்யுமா? உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால்? மருமகள் காறித் துப்ப மாட்டாள், நல்ல பெண். ஆனால் அதற்குப் பிறகு அவள் கூப்பிடும் 'மாமா'வில் ஒரு மரியாதை குறைந்துவிடும். மச்சான் செத்தாலும் மறக்க மாட்டான். மனைவியோ... மனைவியைப் பற்றி யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மெஷின் பக்கத்தில் போய் நின்றார். "ஏம்மா, இந்தத் தடவை நீயும் ஒரு டப்பா குடுத்துப் பாக்கறது. மருமகளுக்கு உதவியா இருக்கும்."

"என் வயிறுதான் கைய விரிச்ச வயிறாச்சே. நின்னு விளையாடற வயித்துக்காரர் நீங்க இருக்கும்போது நான் எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் பெடலை மிதித்தாள். தான் வெட்டிய பள்ளத்தில் தானே விழுந்து கிடப்பது டைம்கீப்பருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அன்று மாலை மருமகளிடம், ஏதோ பொது அறிவுக்குக் கேட்கிற பாவனையில் கேட்டார். "ஏம்மா, இந்த மாதிரி நல்ல கிருமி ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குத் தொத்துமா?"

"தொத்தும் மாமா. ஒரே வீட்ல இருக்கறவங்க, ஒரே தட்டுல சாப்பிடறவங்களுக்குள்ள நிறையவே கலக்கும். சில கிருமி உடனே குடிவந்துடும், சிலது ரொம்பப் பிகு பண்ணும். வந்ததுக்குத் தீனி போடணும். கீரை, பயறு, தோலோட பழம், அந்த மாதிரி."

ஒரே தட்டு. அங்கேதான் சிக்கல். டைம்கீப்பருக்கென்று பெயர் பொறித்த தனித் தட்டு, தனி டம்ளர், தனித் துண்டு. டூட்டிக் காலத்தில் பழகியபடி மணியடித்த மாதிரி தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிடுவார். மனைவி தன் கை வேலை முடிந்த பிறகு, மெஷின் மேஜையில் ஒரு ஓரத்தை ஒதுக்கிக்கொண்டு சாப்பிடுவாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்றுகூட அவர் எட்டிப் பார்த்ததில்லை.

அன்று இரவு எட்டிப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அவள் கை பாதியில் நின்றது.

"உங்க தட்டு எங்க?"

"தனியா சாப்பிட என்னமோ மாதிரி இருக்கு."

அவள் இடது கையால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை. அவள் குடித்து வைத்த தண்ணீரையும் எடுத்துக் குடித்துவிட்டார். மறுநாள் அவள் கடித்து வைத்திருந்த பழத்தை அவர் எடுத்துக் கடித்தபோது அவள் நேராக மருமகளிடம் போனாள். "மாமா டாக்டர்கிட்டப் போனாரா? எங்கிட்ட ஏதாவது மறைக்கறீங்களா?" என்று கேட்டாள். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று மருமகள் சத்தியம் செய்தாள். அப்படியானால் கிழவருக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று தையல்காரம்மா முடிவு கட்டினாள். கலங்கிய புத்தி நல்ல பக்கமாகத்தான் கலங்கியிருக்கிறது என்று சில நாளில் விட்டுவிட்டாள்.

தட்டில் அளவு கூடியது. அவருக்குப் பிடித்த கீரை அடிக்கடி வந்தது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் பேசாமல் மெல்ல முடியும்? அவள் பேச ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியை ஒவ்வொரு வருஷமும் தன் இடுப்பளவைக் குறைத்துச் சொல்கிறாளாம். இவள் தலையை ஆட்டிவிட்டு டேப் சொன்ன அளவுக்கே தைத்துக் கொடுப்பாளாம். "பாத்தியா, நான் சொன்ன அளவு எவ்வளவு கச்சிதமா இருக்கு" என்று அந்த அம்மாள் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பாளாம். டைம்கீப்பருக்குப் புரையேறியது. இந்த வீட்டில் இவ்வளவு வேடிக்கையான ஒரு பெண் இருக்கிறாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையே. மறுநாள் சாப்பாட்டு வேளைக்கு முன்பே ஸ்டூலோடு போய் நின்றார். டிரைவர்கள் பார்த்திருந்தால் விசில் ஊதிப் பழிவாங்கியிருப்பார்கள்.

ஒருநாள் அவள் வேறொன்றும் சொன்னாள். மெயின் ரோட்டில் கடை போட அவளுக்கு ஆசை இருந்ததாம். கேட்டபோது அவர் "நேரத்துக்குச் சோறு யார் ஆக்கறது" என்றாராம். அவருக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவள்தான், "அட, பழைய கதை, சாப்பிடுங்க" என்று தன் பக்கத்துப் பங்கையும் அவர் பக்கம் தள்ளினாள்.

கீரையும் பயறும் சும்மா இருக்கவில்லை. காலை வண்டி நேரத்துக்குக் கிளம்பத் தொடங்கியது. மாசக் கடைசியில் டைம்கீப்பர் தன் சொந்த முயற்சியில் ஒரு டப்பாவை நிறைத்து, மூடியை இறுக்கி, ஐஸ் பையில் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை.

பிறகு காத்திருப்பு. மருமகள் நேரங்கழித்து வந்தாள், சாப்பிடாமல் படுத்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்துப் போனாள். ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இருக்கும்போது சொன்னாள்.

"மாமா, உங்களோடதுல டி.கே. தென்படல. அதே டப்பாலேருந்து இன்னும் ஒரு செட் வளருது, அதையும் பாத்துட்டு டைரக்டர்கிட்டச் சொல்லிடப் போறேன். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல, வயசானா மாறும். நான்தான் பத்திரமா வெச்சுக்கல. நீங்க குடுத்ததைத் தொலைச்சிட்டேன்." அவள் கரண்டியால் சோற்றைக் கிளறினாள். "மன்னிச்சுக்கங்க மாமா."

அவர் எதை வேண்டுமானாலும் தாங்கியிருப்பார். அந்தப் பெண் தன்னிடம் மன்னிப்புக் கேட்டதை அவரால் தாங்க முடியவில்லை.

"நான் குடுத்ததே இல்லம்மா" என்றார். "அன்னிக்கு எனக்கு வரல. அது அத்தையோடது. ஸ்டிக்கர நான்தான் மாத்தி ஒட்டினேன்."

மருமகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, மறுபடி கோபம் வந்தது. "கட்டுரைல 'ஆரோக்கியமான ஆண்'னு எழுதியிருக்கேன் மாமா. எத்தனை பேர் படிச்சிருப்பாங்க தெரியுமா?" பிறகு சட்டென்று விஞ்ஞானியானாள். "அத்தை, நாளைக்குக் காலைல உங்களோடது வேணும். தயவு செஞ்சு."

அத்தை மருமகளைப் பார்க்கவில்லை. டைம்கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டப்பா போகட்டும். ஒரு மாசமா என் தட்டுல கை வெச்சு சாப்பிட்டீங்களே. அது எதுக்கு?"

கிருமி தொற்றுமா என்று அவர் விசாரித்ததும், ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றும் என்று தான் சொன்னதும் மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் முகம் போன போக்கிலேயே தையல்காரம்மாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"கிருமிக்காக" என்று அவளே சொல்லிக்கொண்டாள். "நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்." எழுந்து கையைக் கழுவினாள். அன்று இரவு மெஷின் ஓடவே இல்லை.

மறுநாள் காலை அவள் எழுந்தாள், போனாள், வந்தாள், டப்பாவை மருமகள் கையில் கொடுத்தாள். சாப்பாட்டு வேளையில் அவருடைய பெயர் பொறித்த தட்டு, தனி டம்ளர், மடித்த துண்டு எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக இருந்தன. முன்னறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. அவர் தனியாகச் சாப்பிட்டார். முதல் நாலைந்து நாள் கிருமிக்காகத்தான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார் என்பது உண்மை. அதற்குப் பிறகு கிருமி ஞாபகமே இல்லை என்பதும் உண்மை. ஆனால் ஸ்டிக்கர் மாற்றியவன் பேச்சை யார் நம்புவார்கள்? வெறும் வாயால் சொல்லி இதைச் சரிக்கட்ட முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

அன்று மாலை போனை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். மெஷினுக்கு எதிரே நின்று, ஸ்பீக்கரில் போட்டு, மச்சானைக் கூப்பிட்டார். விஷத்தைக் குடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார்.

"மச்சான், ஒரு விஷயம். அந்தக் கிருமி என்னோடது இல்ல. உங்க தங்கச்சியோடது. நான் ஏமாத்திட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு. நின்று நிதானமாக, கடையில் இருக்கிற வாடிக்கையாளருக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மச்சான். டைம்கீப்பர் போனைப் பிடித்தபடி நின்றார், வைக்கவில்லை. சிரித்து முடித்த மச்சான் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அப்பவே சந்தேகம் மாப்ளே. அப்படி ஒரு சரக்கு உங்க பரம்பரைல ஏது? அது எங்க குடும்பத்து வயிறு. எங்கிட்டயும் இருக்கும். எங்கிட்டத்தான் அதிகமா இருக்கும். மருமகளை நம்ம கடைக்கு வரச் சொல்லுங்க, நான் தரேன்."

மெஷின் நின்றது. தையல்காரம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள். "அண்ணே, உங்க வயிறும் இல்ல, நம்ம குடும்பத்து வயிறும் இல்ல. என் வயிறு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். போனை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். மெஷின் மறுபடி ஓடியது. ஆனால் கதவை யாரும் சாத்தவில்லை.

முடிவு தெரிந்த அன்று மருமகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தாள். தையல்காரம்மா மெஷின் மேஜையில் அப்போதுதான் தட்டை வைத்திருந்தாள். டைம்கீப்பர் தன் தட்டை எடுக்க அலமாரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"அத்தை, கிடைச்சிடுச்சு. கொட்டிக் கிடக்கு. இந்தத் தடவை மூணு கட்டடத்துல, மூணு ஃப்ரீசர்ல வெச்சாச்சு." அவள் மாமியாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, இன்னொண்ணு. உங்களோட ரெண்டாவது செட்லயும் வந்திருக்கு. கொஞ்சம்தான், ஆனா அதேதான்."

டைம்கீப்பர் அலமாரியைப் பிடித்துக்கொண்டார். "எப்ப வந்ததும்மா?"

"அதைச் சொல்ல முடியாது. போன மாசம் வந்திருக்கலாம். நாலு வருஷம் முன்னாடி, அந்த முதல் டப்பா சமயத்துலயே கொஞ்சம் இருந்திருக்கலாம்."

அப்படியானால், அன்றைக்கு இன்னும் ஒரு பக்கம் விளம்பரம் படித்துவிட்டுப் பொறுமையாக எழுந்து வந்திருந்தால், எல்லாமே நியாயமாக நடந்திருக்கக்கூடும். அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மருமகள் தயங்கினாள். சொல்லப் பிடிக்காததைச் சொல்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. "டைரக்டர் ஒண்ணு சொல்றார். ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறதால, இதை வெளில சொல்ல வேண்டாமாம். கட்டுரை அப்படியே இருக்கட்டும், ஆண், டி.கே., எல்லாம் பழையபடியே. திருத்தம் போட்டா ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கேவலமாம். கிருமியைக் குடுத்தவரா நீங்க மறுபடி கையெழுத்துப் போட்டா போதுமாம்."

பெருமை வீடு தேடி வந்து, கதவைத் தட்டி, உள்ளே வரட்டுமா என்று கேட்கிறது. இந்தத் தடவை பொய்கூட இல்லை, முக்கால்வாசி உண்மை. சலூன் நாற்காலி ஞாபகம் வந்தது. மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது. ஒரு கையெழுத்துப் போட்டால் அந்தச் சிரிப்பை அவன் தொண்டையிலேயே திருப்பித் திணிக்கலாம். தையல்காரம்மா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை.

"திருத்தம் போடும்மா" என்றார். "என் பேர எடுத்துடு. அத்தைய வெச்சுதான் அதுக்குப் பேர் வைக்கணும். எங்கிட்ட இருக்கறது அவகிட்டேருந்து வந்தது. எனக்கு அது போதும்."

"டைரக்டர் ஒத்துக்கலன்னா?"

"நான் வந்து சொல்றேன். எந்த டைரக்டரா இருந்தாலும் போன வண்டி போனதுதான்."

மருமகள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டைரக்டருக்குப் போன் போட உள்ளே போனாள். டைம்கீப்பர் அலமாரியைத் திறந்து, தன் பெயர் பொறித்த தட்டை எடுத்தார்.

"அத எடுக்காதீங்க" என்றாள் தையல்காரம்மா.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதை மேஜையின் நடுவுக்கு நகர்த்தியிருந்தாள்.

"கழுவறது நான்தான். ஒரு தட்டு போதும்."